வேர்முடிச்சு நூற்புழுவுக்கு எந்தப் பூஞ்சை? பினாங்குத் தோட்டக்காரர்களுக்கு ஓர் அலசல்

செபராங் பிறை பக்கம் வெண்டை, கத்தரி, பாகல் போடுகிற நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: உரம் போட்டும் செடி வெளுக்கிறது, தண்ணீர் ஊற்றியும் மதியத்தில் துவள்கிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முண்டு முண்டாக வீங்கியிருக்கும். இது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை: வேருக்குள் புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற புழு. (பயறு, பீன்ஸ் வேரிலுள்ள நல்ல முடிச்சை நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். நூற்புழு வீக்கம் வேரே பருத்தது, கழலாது.) பினாங்கில் குளிர்காலம் கிடையாது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் புழுவின் ஒரு தலைமுறை முடிந்துவிடும்; ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆண்டு முழுக்க ஓயாத பெருக்கம்.

இதற்கு நன்மை செய்யும் பூஞ்சைகள் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. எந்தப் பூஞ்சை புழுவின் எந்தப் பருவத்தில் கை வைக்கிறது என்று தெரியாமல் வாங்கினால் பணம்தான் மண்ணுக்குள் போகும்.

என் முதல் தேர்வு பர்பியூரியோசிலியம் லிலாசினம். 2011-இல் பெயர் மாறியது. அதற்கு முன் பெசிலோமைசிஸ் லிலாசினஸ். இது முட்டைக்குக் குறி வைக்கிறது. முட்டை ஓட்டில் கைட்டின் என்ற உறுதியான பொருள் இருக்கிறது; அதைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளே இறங்கிக் கருவைத் தின்றுவிடுகிறது. உலகச் சந்தையில் பெயர்பெற்ற 251 என்ற வகை, நம் அண்டை நாடான பிலிப்பைன்ஸில் கண்டெடுக்கப்பட்டது. 25 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பம் இதற்கு உகந்தது. நம் மண்ணுக்கு அது பொருந்திப் போகிறது. குறை என்னவென்றால், போட்ட அளவு மண்ணில் நெடுநாள் நிற்காது. நடுவதற்கு முன்பே மக்கிய எருவில் கலந்து இட வேண்டும், பிறகு மறுபடியும் இட வேண்டும். அரிதாக இது கண்ணில் தொற்றை உண்டாக்கியிருப்பதால் தூளைக் கையாளும்போது முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

போக்கோனியா கிளமிடோஸ்போரியாவும் முட்டையைத்தான் தாக்குகிறது. தடித்த சுவருள்ள வித்துகளை உண்டாக்குவதால் மண்ணில் தாக்குப்பிடிப்பதில் முன்னதை மிஞ்சும். ஆனால் வேரின் வெளிப்புறத்தில் தங்கும் பூஞ்சை இது. வெண்டை, தக்காளியில் முடிச்சு பெரிதாகப் பருத்துவிட்டால் முட்டைக் குவியல் உள்ளேயே புதைந்திருக்கும், பூஞ்சைக்கு எட்டாது. அதனால் புழு குறைவாக உள்ள பாத்தியில்தான் இதன் மதிப்பு தெரியும்.

டிரைக்கோடெர்மா எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. வேரழுகல், நாற்றழுகலுக்கு அருமையான துணை. செடியின் எதிர்ப்பையும் தூண்டும். நூற்புழு முட்டையையும் ஓரளவு தாக்கும். "புழுவுக்கும் இதுவே போதும்" என்று விற்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். முற்றிய பாத்தியில் இது தனித்து நின்று காப்பாற்றாது.

செடியின் வேரோடு கூடி வாழும் பூஞ்சையான மைக்கோரைசா புழுவைக் கொல்வதே இல்லை. வேருக்குள் முன்பே குடியேறி, புழுவுக்கு இடத்தைக் குறைத்து, செடிக்குப் பாஸ்பரஸ் கொண்டுவந்து தருகிறது. ஆகவே நாற்றங்காலிலேயே கொடுத்தால்தான் பலன். பாஸ்பரஸ் உரத்தை அள்ளிப் போட்டால் மைக்கோரைசா வேரோடு ஒட்டாது. பாசாரில் சாவி என்று விற்கும் கடுகுக்கீரையோடு இது சேருவதே இல்லை. அந்தப் பாத்திக்கு வாங்குவது வீண். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆர்த்ரோபோட்ரிஸ் போன்ற கண்ணி வைக்கும் பூஞ்சைகளைப் பற்றிப் படிக்க வியப்பாக இருக்கும்: வலை பின்னி ஓடும் புழுவைப் பிடிக்கின்றன. வேருக்குள் புகுந்துவிட்ட புழுவை அவை தொடுவதில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு இப்போதைக்கு அவற்றைத் தேட வேண்டாம்.

பினாங்கில் காய்கறி போடுபவர் ஒருவர் என்னிடம் கேட்டால், நாற்றங்காலில் மைக்கோரைசா, பாத்தியில் நடவுக்கு முன் பர்பியூரியோசிலியம் என்பேன். இரண்டுக்கும் பூஞ்சைக்கொல்லி எதிரி. பாத்தியில் அதை ஊற்றும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். ஏற்கெனவே வேர் முழுக்க முண்டாகிவிட்ட செடியை எந்தப் பூஞ்சையும் மீட்காது. வேர்த்துண்டு மிச்சமில்லாமல் பிடுங்கி எரித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு போகம் செண்டுமல்லியை நெருக்கமாக நடுங்கள். அதன் வேரிலுள்ள நச்சு புழுவை ஒடுக்கும், பூ மாலைக்கும் ஆகும். முட்டைப் பூஞ்சையை இடுவது அதற்குப் பிறகுதான்.