சுற்றுநிருபம் வந்தால்: இரண்டு அதிபர்கள்

சீர்திருத்தச் சுற்றுநிருபம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்ததும் யாழ் நகரத்து அதிபர்கள் இரண்டு வழியில் போவினம்.

முதலாமவர் கோப்புகளைச் சரியாக்குவார். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு (ஆசிரியரே பாடசாலையில் மாணவரை மதிப்பிடும் முறை) நடந்தது இதுதான்: பதிவேடு நிரம்பும், பாடம் மாறாது. மேற்பார்வைக்கு வருபவருக்குத் திருப்தி, ஆசிரியருக்கு எழுத்துவேலை.

மற்றவர் ஆசிரியர்களை இருத்திக் கேட்பார்: ஒரே பாடவேளையில், நிறைந்த வகுப்பில், 2007இல் வந்த 5ஈ முறையின் ஐந்து படிகளையும் (ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல்) முடிக்கலாமோ? ஏலாது. அதனால் இரண்டு பாடவேளையைச் சேர்ப்பார், ஒப்படைகளைக் குறைப்பார். மெதுவான வழி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியே கண்ணான பெற்றோரிடம் ஏச்சும் விழும். (ரியூசன் வாத்தியாருக்கு எந்தச் சீர்திருத்தமும் இல்லை!)

எனக்கு இரண்டாமவரே பிடிப்பு. ஆனால் ஆசிரியர் வெற்றிடம் நிரப்பாத ஆண்டில் முதலாமவரைக் குறைசொல்ல மனம் வராது.