நியோடிகேசன் கேப்சூல்: உறுப்பு மாற்றிக்கொண்டவர்களின் தோலைக் காக்குமா?

சொரியாசிஸுக்கென்று வந்த மருந்து இது. உள்ளே இருப்பது அசிட்ரெட்டின், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு. 10, 25 மில்லிகிராம் கேப்சூல்களாகக் கிடைக்கிறது. உறுப்பு மாற்றிக்கொண்டவர்களின் தோல் புற்றைத் தடுக்க இதைத் தருவது உரிமத்தில் எழுதாத பயன்பாடு. ஆனாலும் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் வெள்ளைத் தோல்காரர்களுக்கு இதைத் தந்து பார்த்த அனுபவம் நிறைய உண்டு.

புது உறுப்பை உடல் தள்ளிவிடாமலிருக்கத் தரும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடும். அதிலும் அசதியோப்ரின், வெயிலிலுள்ள புற ஊதா ஏ கதிரால் தோலை இன்னும் எளிதில் பாதிக்கப்பட வைக்கும். அதனால்தான் செதிள் செல் புற்று என்ற தோல் புற்று வகை இவர்களுக்குப் பல பத்து மடங்கு அதிகம்.

கேப்சூல் வேலை செய்கிறதா? 1995இல் வெளியான, நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு ஆறு மாதம் தினம் 30 மி.கி. கொடுத்தார்கள். மருந்து எடுத்த 19 பேரில் 2 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்த 19 பேரில் 9 பேருக்கும் புதிய செதிள் செல் புற்று வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் கண்ணில் படும். 2003இல் வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வு அவ்வளவு உற்சாகம் தரவில்லை: கெரட்டோசிஸ் எனப்படும், புற்றாக மாறக்கூடிய சொரசொரப்பான படைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன, புதிய புற்றுகளின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. இதைத் தடுப்பு மருந்து என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முளைத்த கட்டியை இது கரைக்காது. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எடுத்த எடுப்பில் 30 மி.கி. போட்டால் உதடு வெடித்து, முடி கொட்டி, மூன்றாம் வாரமே டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 10 மி.கி.யில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. ஏற்றி, தாங்கும் இடத்தில் நிறுத்துவது நல்லது. பெரும்பாலோர் 20–25 மி.கி.யில் நிலைப்பார்கள். சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், கொழுப்பு இல்லாமல் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. உதட்டு வறட்சி அனேகமாக எல்லோருக்கும் வரும். வாசலின் எப்போதும் பையில் இருக்கட்டும். உள்ளங்கை உரியும், கண் வறண்டு கான்டாக்ட் லென்ஸ் உறுத்தும்.

ரத்தத்தில்தான் பெரிய சிக்கல். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும். புது உறுப்பைக் காக்கத் தரும் ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ் ஆகியவை ஏற்கெனவே கொழுப்பை ஏற்றி வைத்திருக்கும், அதன்மேல் இதுவும் சேரும். எனவே வெறும் வயிற்றில் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), கல்லீரல் என்சைம் பரிசோதனைகளை முதல் மூன்று மாதம் மாதாமாதமும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் செய்ய வேண்டும். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் மூளை அழுத்தம் கூடலாம். மெத்தோட்ரெக்சேட் சேர்ந்தால் கல்லீரல் கெடும். வைட்டமின் ஏ மாத்திரையும் வேண்டாம். மாற்றிய சிறுநீரகமே மோசமாகப் பழுதாகியிருந்தால் இந்தக் கேப்சூலே கூடாது.

கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். சிசுவைக் கடுமையாகச் சிதைக்கும் மருந்து இது. நிறுத்திய பின்னும் மூன்று ஆண்டு கருத்தரிக்கக் கூடாது. மது பட்டால் இது எட்ரெட்டினேட் என்ற இன்னொரு ரெட்டினாய்டாக மாறி, மாதக்கணக்கில் கொழுப்பில் தங்கிவிடும். எடுப்பவர் ஆணோ பெண்ணோ, அந்த மூன்று ஆண்டு ரத்ததானமும் செய்யக் கூடாது.

பெரிய குறை: மருந்தை நிறுத்தினால் பலனும் போய்விடும். கட்டுப்பட்டிருந்த புற்றுகள் சில மாதங்களில் வரிசையாகக் கிளம்பும், சிலருக்கு முன்பைவிட மும்முரமாக. தொடங்கும் முன்பே ஆண்டுக்கணக்கில் தொடர மனம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சின்னப் புற்றை வெட்டியவருக்கு இது மிகை. ஆண்டுக்குப் பல புற்று முளைத்து, அறுவை மேசையே கதியென்று கிடப்பவருக்குக் கட்டாயம் பேசிப் பார்க்க வேண்டிய மருந்து. அப்போது கூடவே அசதியோப்ரினைக் குறைக்கவோ சிரோலிமஸுக்கு மாற்றவோ முடியுமா என்று உறுப்பு மாற்றுக் குழுவிடம் கேளுங்கள்.

மலிவாகக் கிடைக்கும் நிகோட்டினமைடு (வைட்டமின் பி3 வகை) இதற்கு ஈடாகாது. உறுப்பு மாற்றிக்கொண்டவர்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் அது புற்றைக் குறைக்கவில்லை. சன்ஸ்கிரீனை மட்டும் விடக் கூடாது, கேப்சூல் போட்டால் வெயில் இன்னும் சுருக்கெனக் குத்தும்.

நம் போன்ற மாநிறத் தோலில் இந்தப் புற்று குறைவு. வந்தாலும் பிறப்புறுப்பு, ஆசனவாய் போன்ற வெயில் படாத இடங்களில் வரலாம். அங்கே ஆறாத மரு தெரிந்தால் கேப்சூலைத் தேடுவதற்கு முன் பயாப்ஸி (சதைத் துணுக்குப் பரிசோதனை) எடுங்கள்.