கால் டேங்குக்குக் கீழே டீசல் முள்: ஆறு வருட அனுபவம்

செக்கானூரணித் தம்பி ஒருவர் நேற்று போன் போட்டார். "அண்ணே, நீங்க ஓட்டுற அதே மினி லாரி செகண்ட்ஸ்ல வருது, எடுக்கலாமா?" சட்டென்று பதில் வரவில்லை. போன வாரம்தான் டேங்க் ஃப்ளோட்டை, அதாவது டேங்குக்குள் டீசல் அளவைச் சொல்லும் மிதவை யூனிட்டை, மாற்றியிருக்கிறேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்ஜினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி மதுரைக்கு வாரம் மூன்று நடை. 1,80,000 கிலோமீட்டரில் கிளட்ச் ஒரே முறைதான் மாற்றினேன். லோடோடு லிட்டருக்கு 9, காலியாக 12 தருகிறது.

டீசல் முள் கதை வேறு. ஃபுல்லில் அசையவே அசையாது, பாதியைத் தாண்டினால் மளமளவென்று இறங்கும், கால் டேங்குக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். டீசல் மட்டும் குறைந்துகொண்டே போகும். மார்கழியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கணவாய் ஏற்றத்தில் வண்டி நின்றது. முள் கால் டேங்கில் இருந்தது, சிவப்பு லைட்டும் எரியவில்லை. அந்த லைட்டுக்கும் அதே ஃப்ளோட்தான் கணக்குச் சொல்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை, லைனில் ஏர் பிடித்துவிட்டது. ஹேண்ட் பம்பை அடித்து அடித்து ஏர் எடுப்பதற்குள் விடிந்துவிட்டது. மண்டியில் அன்றைய ஏலம் போயிற்று. டீசல் பம்புக்கு மசகும் டீசல்தான், வறண்டு ஓடினால் பம்பே போய்விடும்.

சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை மீட்டரை மாற்றிப் பணம் வாங்கினார்கள், டேங்கைத் திறந்து பார்க்கவே இல்லை. ஆரப்பாளையம் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் யூனிட்டை வெளியே எடுத்து, மல்டிமீட்டர் வைத்து, மிதவையைக் கையால் மெல்ல ஏற்றி இறக்கினார். ஓம்ஸ், அதாவது மின்தடை, சீராக மாற வேண்டும். கால் டேங்க் இடத்தில் மட்டும் தாவியது. எர்த் வயரும் துருப்பிடித்திருந்தது. "எப்பவும் கால் டேங்க்லயே ஓட்டுறீங்களாண்ணே? அந்த இடம்தான் தேஞ்சிருக்கு" என்றார்.

ஆமாம், அப்படித்தான் ஓட்டுகிறோம். வாடகைக் காசு கைக்கு வந்தபிறகு ஆயிரம், ரெண்டாயிரத்துக்கு டீசல் போடுகிறவர்கள் நாங்கள். ஃபுல் டேங்க் எங்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். எங்கள் பிழைப்பு முழுக்க அந்தக் கால் டேங்குக்குள்தான் நடக்கிறது. முள் சரியாக இருக்க வேண்டிய இடமும் அதுதானே?

புது யூனிட் போட்டபிறகு கேனில் பத்து லிட்டர் வைத்துக்கொண்டு சோதித்தேன். சிவப்பு லைட் எரிந்ததும் பங்கில் ஃபுல் அடித்தால், 60 லிட்டர் டேங்கில் 49 பிடித்தது. மிச்சம் 11. அடியில் உள்ள இரண்டு லிட்டரைக் குழாய் இழுக்காது, வண்டலும் அங்கேதான் கிடக்கும். மீதி ஒன்பதுக்கு லோடோடு 80 கிலோமீட்டர் வரும். ஏற்றத்தை நினைத்து நான் 40-க்கு மேல் நம்புவதில்லை. டீசல் போட்ட கையோடு ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கிவிடுகிறேன், இப்போது கணக்கெல்லாம் அதில்தான்.

இன்று முள் பொய் சொல்வதில்லை. மைலேஜ் குறையவில்லை, கணவாயில் இழுவையும் குறையவில்லை. இருந்தும் தம்பியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பழுத்துக்கொண்டிருந்த தார்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன் நான். எடு என்று சொல்ல வாய் வரவில்லை.