2 கிலோமீட்டர் ஓட்டமா, பயிற்சி ஆட்டமா?

டிசம்பர் வந்தால் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ரசிகர்களிடம் ஒரே பேச்சு: சீசனுக்கு முந்தைய பயிற்சியில் அணிகள் தம் வீரர்களுக்கு வைக்கும் 2 கிலோமீட்டர் ஓட்டத்தில் யார் முதலில் வந்தது? கடிகாரம் பொய் சொல்லாது, சரி. விடுமுறையில் உடம்பைக் கவனித்தவர் யார் என்று அதில் தெரிந்துவிடும். ஆனால் அவ்வளவுதான் தெரியும்.

அணிக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும் பயிற்சி ஆட்டம் வேறு ரகம். பெரிய நீள்வட்ட மைதானம். முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. நிஜ ஆட்டத்தில் நடுக்கள வீரர் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது சாதாரணம். அதுவும் நேர்கோட்டில் அல்ல. நின்று, திரும்பி, மோதி, மறுபடி பாய்ந்து. பந்து எதிர்ப்பக்கம் போனதும் யார் திரும்பி ஓடுகிறார், யார் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்? நான் பார்ப்பது அதைத்தான். ஓட்டத்தில் முதலிடம் பிடித்தவரே அங்கே நிற்பதும் உண்டு.

இதிலும் ஒரு சிக்கல். எதிரில் இருப்பதும் நம் ஆள்தானே, முழு வேகத்தில் இடிக்க மாட்டார்கள். அதனால் ஐந்து கோல் அடித்த முன்கள வீரரைப் பார்த்து ரொம்பக் குதிக்க வேண்டாம். அவருக்குக் காவல் நின்றது, அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இப்போதுதான் வந்த 18 வயதுப் பையனாக இருக்கலாம்.