தறி ஓட்டிய அப்பாவுக்கு வாங்கிய காது மெஷின்: என் விமர்சனம்

காது மெஷின் பற்றித் தமிழில் தேடினால் பெரும்பாலும் விளம்பரம்தான் வருகிறது, அதனால் அப்பாவுக்கு வாங்கி அவர் தினமும் மாட்டிக்கொண்டிருக்கும் மெஷினைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பிராண்ட் பெயர் போடவில்லை. அவரவர் ஆடியோகிராமை (எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் காதுச் சோதனை வரைபடம்) பார்த்துத்தான் மெஷினையே தேர்வு செய்ய வேண்டும் என்பதால் பெயரை விட வாங்கும் முறைதான் உங்களுக்குப் பயன்படும்.

அப்பா கோவை மாவட்டம் சோமனூர் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டியவர். தறி ஓடும் கொட்டகையைக் குடோன் என்போம், அதற்குள் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கும், இரண்டு பேர் பேச வேண்டும் என்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும், இல்லையென்றால் கைஜாடைதான். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன, நாடா தறி ஓடும் கொட்டகை அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். காதில் ஒரு பஞ்சு கூட வைக்காமல் வாழ்நாளெல்லாம் அதற்குள் நின்றார். இரைச்சலால் காது போவது சட்டத்தில் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் சம்பளச் சீட்டே இல்லாத சின்னக் குடோனில் வேலை பார்த்தவர் அதை யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் அப்பா என்றால் அதிகம் பேசாதவர், கேட்டால் ஒற்றை வார்த்தையில், அதுவும் அதட்டுவது போலச் சத்தமாகப் பதில் சொல்பவர். அதுதான் அவர் குணம் என்று அம்மா முதல் சொந்தபந்தம் வரை எல்லோருக்கும் முடிவாகிவிட்டது. என் மகள் பேச ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "அப்பாரு, பூனை எங்க போச்சு?" என்பாள் (தாத்தாவை எங்கள் பக்கம் அப்பாரு என்போம்), இவர் சிரித்துத் தலையாட்டுவார். "அப்பாரு, இது என்ன?" என்றாலும் அதே தலையாட்டல்.

முதலில் போன கடையில் ஒரு சோதனையும் செய்யாமல் மெஷினைக் காதில் சொருகி "கேக்குதா ஐயா?" என்றார்கள். அப்பா "கேக்குது" என்றார், அவர்கள் பில் போடத் தயாராகிவிட்டார்கள். வாங்காமல் வந்துவிட்டோம். பிறகு கோவையில் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர் ஒருவரைப் பார்த்தோம். சத்தம் வராத அறைக்குள் உட்கார வைத்து இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஆடியோகிராம் எடுத்தார். தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் ஓரளவு கேட்கின்றன, உயர்ந்த சுருதிப் பக்கம் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுகிறது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் காதில் இந்தப் பள்ளம் அடிக்கடி தென்படும் என்றார். ச, ஸ, த மாதிரி மெல்லிய ஒலிகளின் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது, அதனால் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. சின்னக் குழந்தைகளின் மெல்லிய குரல் இன்னும் கஷ்டம். அந்த ஒரு தாளைப் பார்த்ததும் அப்பா ஏன் பேசுவதில்லை என்ற என் முப்பது வருஷக் கேள்விக்குப் பதில் கிடைத்தது போல இருந்தது.

வாங்கியது காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய ஒயர் வழியாக ஸ்பீக்கர் மட்டும் காதுக்குள் போகும் வகை, சார்ஜ் போடுவது. பேட்டரி மாற்றும் வகை விலை குறைவுதான், ஆனால் நூல் பிடித்துக் காய்ப்பேறிய விரல்களுக்கு அந்தப் பொட்டு சைஸ் பேட்டரியைத் திருப்பிப் போடுவது வராது. இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. பெரிய பணம்தான். முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சோதனை செய்துகொண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம், அதைக் கேவலமாக நினைக்க ஒன்றுமே இல்லை.

மாட்டியதும் அதிசயம் நடக்காது, இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அப்பாவுக்கு எரிச்சல். தட்டு வைக்கும் சத்தம், ஃபேன் சத்தம், தன் குரலே குடத்துக்குள் இருந்து வருவது மாதிரி. கழற்றி வைத்துவிடுவார். ஆடியாலஜிஸ்ட் முதலில் சத்தத்தைக் குறைவாக வைத்து, வரச்சொல்லி வரச்சொல்லி கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மூளை பழக வேண்டும் என்றார், பழகியது. குறைகளும் உண்டு: தலையணையில் சாய்ந்தால் விசிலடிக்கும், கல்யாண மண்டபத்தில் இன்றும் திணறுகிறார், நம் ஊர் வியர்வைக்கு ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்காவிட்டால் பழுதாகும். போன காது திரும்பி வராது, மிச்சம் இருப்பதை இது எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

அந்த மிச்சம் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்றால், அப்பா பேச ஆரம்பித்தார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் அவராகவே பழைய கதையெல்லாம் எடுக்கிறார். ஒரு நாள் கேட்டார், "குடோன் வாசல்ல தூக்குப்போசியோட நின்னுட்டு வாயசைப்பியே கண்ணு, என்னதான் சொல்லுவ?" "சாப்பிட்டுட்டு சீக்கிரம் வாங்கன்னுதானுங்கப்பா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீ சின்னப்புள்ளையில எப்படிப் பேசுனன்னே எனக்குத் தெரியாது சாமி. வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள தறிதான் ஓடிட்டிருக்கும்" என்றார். இவ்வளவு நீளமாக அவர் என்னிடம் தன்னைப் பற்றிப் பேசியதே இல்லை. இப்போது பேத்தி சொல்லும் கதையில் ஒரு வார்த்தை தவறினாலும் "திருப்பிச் சொல்லு" என்று பிடித்துக்கொள்கிறார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஆடியோகிராம் இல்லாமல் விற்கும் இடத்துக்குப் போகாதீர்கள். வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு வாரமாவது டிரையல் கேளுங்கள், வாரண்டியில் ட்யூனிங் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், வீட்டில் குழந்தை இருந்தால் கடைக்குக் கூட்டிப் போங்கள். கடைக்காரரின் கனமான குரல் எந்த மெஷினிலும் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்க வேண்டியது அந்தக் குழந்தையின் குரல்தான்.