டர்பனில் பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்கும் முன் கல்லூரிப் பதிவுச் சான்றிதழின் பின்னிணைப்பைக் கேளுங்கள்

மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) ரிசல்ட் வரும் ஜனவரியில்தான் எங்களை ஏமாற்றியது போன்ற தனியார் கல்லூரிகள் ஆள் பிடிக்கின்றன. அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

நான் மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் 23 வருடமாக இருக்கிறேன். கணவரின் தாத்தா மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர். அந்தக் குடும்பத்தின் முதல் இன்ஜினியர் என் மகன்தான் என்று எல்லோரும் ஆசையோடு இருந்தோம். அவனுக்கும் அதில்தான் விருப்பம். லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு நேரத்தில் தெருவில் யார் வீட்டு இன்வெர்ட்டர் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

2021 மெட்ரிக்கில் கணக்கில் 56 வாங்கினான். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இன்ஜினியரிங் சேர அது போதவில்லை. டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியில் இடம் நிரம்பிவிட்டது. வீடே துவண்டு கிடந்தபோது, கோவிலில் பழக்கமான ஒருவர், "அக்கா, தம்பிக்கு ஒரு வருஷத்தை வீணாக்காதீங்க" என்று ஒரு தனியார் கல்லூரியைச் சொன்னார். அவருக்கு அங்கே கமிஷன் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது.

மூன்று வருட எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் டிப்ளமா, அப்புறம் நேராகப் பல்கலைக்கழகம் என்றார்கள். வருடத்துக்கு 48,000 ராண்ட். "அரசாங்கத்தில் பதிவு செய்த கல்லூரிதானா?" என்று நான் கேட்கவே செய்தேன். சுவரில் மாட்டியிருந்த ஃப்ரேமைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார்கள். உயர்கல்வித் துறையின் பதிவுச் சான்றிதழ். எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து துறையின் பட்டியலிலும் பார்த்தேன், கல்லூரியின் பெயர் இருந்தது. அதற்குமேல் என்ன கேட்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சான்றிதழ் உண்மையானது. அதனால்தான் ஏமாந்தோம். கல்லூரி எந்தெந்தப் படிப்பை நடத்தலாம் என்று அதோடு ஒரு பின்னிணைப்பு இருக்கும். அது ஃப்ரேமுக்குள் இல்லை. அதில் இருந்தவை வணிக நிர்வாகமும் கம்ப்யூட்டர் படிப்புகளும். எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் இல்லவே இல்லை.

முதல் வருடமே மனசு உறுத்தியது. 30 பிள்ளைகளுக்கு ஒரே ஆசிலாஸ்கோப், இரண்டு மல்டிமீட்டர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் லேப் நனைந்துவிட்டது என்று செப்டம்பர் வரை கதவையே திறக்கவில்லை. வெள்ளத்தில் ஊரே நொறுங்கிக் கிடந்ததால் நாங்களும் நம்பினோம். அந்தக் கட்டடத்துக்குள் தண்ணீரே புகவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் வருடம் பயிற்சி இடம் தேடி ப்ராஸ்பெக்டனில் ஒரு தொழிற்சாலைக்குப் போனான். அங்கிருந்த அம்மா அவனுடைய படிப்புக்கு சாக்கா எண் கேட்டார். தேசியத் தகுதிப் பட்டியலில் ஒவ்வொரு படிப்புக்கும் உள்ள எண் அது. கல்லூரி கொடுத்திருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் வேறொரு படிப்பு வந்தது. "மகனே, இது உன் படிப்பு இல்லையே" என்றாராம். வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டான், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊரில் இன்ஜினியரிங் என்றால் ஒரே பட்டம்தான் என்ற நினைப்பிலேயே நான் வளர்ந்தேன். இங்கே அப்படி இல்லை. எக்ஸா என்கிற இன்ஜினியரிங் கவுன்சிலில் இன்ஜினியர், டெக்னாலஜிஸ்ட், டெக்னீஷியன் என்று தனித்தனிப் பதிவு. இன்ஜினியராகப் பதிய நான்கு வருடப் பட்டம் படித்து, மேற்பார்வையில் வேலை அனுபவமும் சேர்க்க வேண்டும். டிப்ளமா வழி டெக்னீஷியனுக்கு. அதிலும் தாழ்வு ஒன்றும் இல்லை, ஆனால் எந்த வழியில் பிள்ளையை அனுப்புகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா? கல்லூரி பதிவாகியிருப்பது ஒன்று, அந்தப் படிப்புக்கு உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம் இருப்பது வேறொன்று, எக்ஸா அதை ஏற்பது மூன்றாவது. இவை எல்லாவற்றுக்கும் 'ரெஜிஸ்டர்ட்' என்ற ஒரே சொல்லைச் சொல்லித்தான் எங்களை உட்கார வைத்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, திருப்பித் தர முடியாது என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார்கள். சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனேன். வக்கீல் தேவையில்லை, ஆனால் 20,000 ராண்டுக்கு மேல் கேட்க முடியாது, மீதியை விட்டுவிட வேண்டும். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. தவணையாக இதுவரை 11,000 வந்திருக்கிறது. உயர்கல்வித் துறைக்கும் ரசீதுகளோடு புகார் அனுப்பியிருக்கிறேன்.

மகன் இப்போது ஓர் அரசு டீவெட் (தொழிற்கல்வி) கல்லூரியில் என்4 என்ற நிலையிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறான். வகுப்பில் எல்லோரும் அவனைவிடச் சின்னவர்கள். ஆனால் அங்கே லேப் திறந்திருக்கிறது.

போன வாரம் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் அதே படிப்புக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போகிறவர்கள் ஃப்ரேமில் இருக்கும் தாளோடு திரும்பிவிடாதீர்கள். பின்னிணைப்பின் நகலைக் கேளுங்கள், சாக்கா எண்ணை வாங்கி வீட்டில் நீங்களே தேடுங்கள், எக்ஸாவுக்கு ஒரு போன் போடுங்கள். இது முடியும்வரை ஒரு ராண்ட்கூடக் கட்டாதீர்கள், "இன்றைக்கே கட்டினால்தான் இடம்" என்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.