டாமியா 1/35 டைகர் 1, ஆரம்பகால வகை: சக்கரத்தில் அவசரம் கூடாது

இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கியான டைகரை, 35-இல் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிச் செய்யும் டாமியா நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாடல் இது. முதல் டாங்கி கிட்டாக இதைத் தாராளமாக வாங்கலாம். பாகங்கள் பிசகாமல் பொருந்துகின்றன. இடைவெளி அடைக்கும் புட்டிக்குப் பெரிதாக வேலையில்லை. ஜிம்மரிட் பூச்சும் (காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க டாங்கிமேல் பூசியது) வேண்டாம், அது 1943 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த சமாச்சாரம்.

சிக்கல் சக்கரங்களில்தான். ஒன்றன்மேல் ஒன்று கவிந்து நிற்பவை. மொத்தமாக ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடித்தால் உள்வரிசைக்குப் பிரஷ் எட்டாது. உள்வரிசையை முதலில் அடித்து, காய்ந்தபின் வெளிவரிசையை மாட்டுங்கள். ரப்பர் விளிம்புக்குச் சுத்தக் கறுப்பு பொம்மைக் களை தரும், கரும்சாம்பலே போதும்.

சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயின், கிட்டில் வினைல் பட்டை. அசல் டைகரில் அது தன் கனத்தால் சக்கரங்கள்மேல் தொய்ந்து கிடக்கும். இதுவோ விறைத்து நிற்கிறது. சக்கரத்தின் உச்சியில் துளி சூப்பர் குளூ வைத்து, மட்கார்டுக்கும் செயினுக்கும் நடுவே ஸ்பாஞ்சைத் திணித்து, ஒட்டும்வரை விட்டுவிடுங்கள். குளூ கூடினால் வெள்ளை பூக்கும்.